பற்றை விடு என்றால் பிள்ளையை விடுவதா?

தென்காசி வாசகர் கேட்டது, 2024 ஆகஸ்ட் 3

என் மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. பௌத்த தியானம் பழகு என்கிறார் நண்பர் ஒருவர். எடுத்துப் படித்தால் துன்பத்துக்கெல்லாம் ஆசைதான் காரணம், பற்றை விடு என்று இருக்கிறது. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளை விட்டுவிடு என்பது ஆறுதலா? மனசு கல்லாகிப் போவதற்குத்தான் தியானம் என்று பெயரா? உண்மையிலேயே பயன்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பது வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 3, இரவு 10.15

அண்ணாச்சி, நான் குளத்துப்புழை. ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறேன். என் மகன் 2017 ஆனியில் போனான். இருபது வயது.

எனக்குப் பயன்பட்டது. மனசு கல்லாகவில்லை. துக்கமும் குறையவில்லை. மீதியை நாளை எழுதுகிறேன், நாலு மணிக்கு எழ வேண்டும்.

ஆகஸ்ட் 4, பிற்பகல் 2.30

என் அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தோம். பூவும் இலையும் காய்கறியும் செங்கோட்டையில் வாங்கினால் மலிவு. இந்தப் பக்கம் எல்லோருமே விசேஷத்துக்கு அங்கேதான் போவோம். "மழையா இருக்கும்மா, நாளைக்குப் போறேன்" என்றான் மகன். "இன்னைக்கே போயிட்டு வந்துடு" என்றேன். புளியரை தாண்டி கோட்டவாசல் ஏற்றத்தில், வளைவில், எதிரே லாரி.

பைக்கில் மாட்டியிருந்த ரெக்சின் பையை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியே முழுக்கச் சேறு. உள்ளே வாழையிலையில் சுற்றி நாலு பந்து பிச்சிப்பூ. ஒரு மொட்டுகூட வாடவில்லை. என் நாத்தனார் இலையைப் பிரித்ததும் வாசம் வீடு முழுக்கப் பரவியது. அதன் பிறகு இரண்டு வருடம் பிச்சி விற்கிற தெருப்பக்கமே நான் போகவில்லை.

புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். ஓர் அம்பு தைக்கிறது, அது உடம்பின் வலி. பழகாத மனிதனுக்கு உடனே இரண்டாவது அம்பும் தைக்கிறது, அது மனசின் வலி. எனக்கு முதல் அம்பு பிள்ளை போனது. இரண்டாவது, "இன்னைக்கே போயிட்டு வந்துடு" என்ற ஒரு வரி. அதை யாரும் என்மேல் எய்யவில்லை. நானே எய்துகொண்டேன், பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு, தினமும். சொந்தக்காரர்கள் யாராவது "நீ அன்னைக்கு அனுப்பாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தால் அதையும் சேர்த்துக் குத்திக்கொள்வேன்.

பற்றை விடு என்பது எனக்கு முதன்முதலில் புரிந்தது அந்த வரியை வைத்துத்தான். அதைத்தான் நான் இறுகப் பிடித்திருந்தேன். அதை விட்டால் பிள்ளையையே விட்டதாகிவிடும் என்று பயந்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, இரவு 9.50

நேற்று "துக்கமும் குறையவில்லை" என்று எழுதியது முழு உண்மை இல்லை. பால் ஊற்றிவிட்டு வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முன்பு துக்கம் வந்தால் நாள் முழுக்க இருக்கும், சமைக்க முடியாது, பேச முடியாது. இப்போதும் அதே கனத்தோடுதான் வருகிறது. ஆனால் வருவது தெரிகிறது. நெஞ்சுக்குழியில் ஆரம்பிக்கும், தொண்டைக்கு ஏறும், கண் எரியும், பிறகு மெல்ல இறங்கும். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். இறங்கும் என்று தெரிந்திருப்பதே பெரிய விஷயம். முதல் இரண்டு வருடம் அது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 6

எங்கே பழகினேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செங்கன்னூர் பக்கத்தில் தம்ம கேதனம் என்ற விபாசனா மையம் இருக்கிறது. கோயங்கா என்ற ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முறை. பத்து நாள், கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விரும்பினால் அடுத்து வருகிறவர்களுக்காக நன்கொடை தரலாம். நான் 2019 ஜனவரியில் போனேன், மரம் இலை உதிர்க்கிற சமயம் என்பதால் லீவு கிடைத்தது.

போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பத்தாம் நாள் வரை பேச்சு கிடையாது. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், நாலரைக்கு உட்கார வேண்டும். கூட வந்த பெண்களுக்கு அது பெரிய கஷ்டம். எனக்கு அதுதான் சுலபம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும், அதனால் இருபது வருடமாக அந்த நேரத்தில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறவள் நான். புதிதாக வருகிறவர்களுக்கு சாயங்காலம் டீயும் பழமும் பொரியும் மட்டும்தான். அதுவும் சமாளித்தேன். முட்டிவலிதான் முடியவில்லை.

முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். மூக்கு நுனியில் காற்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும், வேறு வேலையில்லை. நாலாம் நாள் விபாசனா ஆரம்பம்: தலை முதல் கால் வரை உடம்பில் என்ன தெரிகிறதோ அதை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவது. அன்றிலிருந்து தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை காலை அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள்.

ஐந்தாம் நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது இல்லாத பிச்சிப்பூ வாசம் வந்தது. ஓடிவிடலாம் என்றிருந்தது. வாசத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் வியர்த்திருந்தது. வயிற்றுக்குள் ஒரு கல் இருப்பதுபோல. அந்தக் கல்லின் ஓரம் எது, நடு எது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரம் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக ஒரே கட்டியாக இருந்தது என்று நினைத்த பொருள், பார்க்கப் பார்க்க மாறிக்கொண்டிருந்தது. அழுதேன். யாரும் வந்து சமாதானம் சொல்லவில்லை, அதுவும் நல்லதாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 7

கோயங்கா ராஜஸ்தானில் பிறந்தவர் என்று ஒரு பதிலில் எழுதிவிட்டேன். குடும்பம்தான் மார்வாரி. பிறந்தது பர்மாவில், மாண்டலேயில், 1924இல். தீராத தலைவலிக்காக ஊ பா கின் என்ற பர்மிய தியான ஆசிரியரிடம் போய்ப் பழகியவர், 1969இல் இந்தியாவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2013இல் மறைந்தார். திருத்திய தம்பிக்கு நன்றி.

இன்னொன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி, உடனே கிளம்பிவிடாதீர்கள். பச்சைப் புண்ணோடு பத்து நாள் பேச்சில்லாமல் உட்காருவது எல்லோருக்கும் ஆகாது. விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றியும் சாப்பிடுகிற மருந்து பற்றியும் கேட்பார்கள், ஒன்றையும் மறைக்காதீர்கள். தூக்கம் அறவே இல்லை, உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள். நானும் முதல் வருடம் மாத்திரை சாப்பிட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போதைக்கு வீட்டிலேயே தினமும் பத்து நிமிஷம் மூச்சைக் கவனியுங்கள், போதும்.

ஆகஸ்ட் 11

மழை. வெட்டு இல்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

கடுகுக் கதை எல்லோருக்கும் தெரியும். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிசா கோதமி புத்தரிடம் வருகிறாள், சாவே நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார். மகன் போன புதிதில் ஒருவர் இதை எனக்குச் சொன்னார், கோபம்தான் வந்தது. ஊரில் எல்லோருக்கும்தான் சாவு வருகிறது, அதனால் என் பிள்ளை போனது சின்ன விஷயமாகிவிடுமா?

இப்போது அந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. அவள் ஒவ்வொரு வாசலாக ஏறுகிறாள். கேட்கிறாள். கடுகு எடுக்க உள்ளே போன பெண், "சாவு நடந்ததா?" என்று கேட்டதும் நின்றுவிடுகிறாள். அப்புறம் தன் வீட்டுச் சாவைச் சொல்கிறாள். ஊர் முழுக்க அப்படி உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கோதமி திரும்பியிருப்பாள். புத்தர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவளை வீடுவீடாக அனுப்பினார். அந்தக் கோதமிதான் பின்னால் பிக்குணியாகி, காலில் ஊற்றிய தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, விளக்குத் திரியை ஊசியால் இழுத்து அணைக்கும்போது மனம் விடுதலை அடைந்ததாகப் பாடியவள்.

ஆகஸ்ட் 12

கடைசி வரி தப்பு. காலில் தண்ணீரும் விளக்கும் படாசாரா என்ற இன்னொரு பிக்குணியின் பாட்டில் வருகிறது. அந்தக் காலத்துப் பிக்குணிகளின் பாட்டுத் தொகுப்பான தேரிகாதையில் இரண்டு பேர் பாட்டும் இருப்பதால் குழப்பிவிட்டேன். படாசாராவின் கதை இன்னும் கொடுமை. புருஷன் பாம்பு கடித்துப் போகிறான், ஒரு குழந்தையைப் பருந்து தூக்குகிறது, ஒன்று ஆற்றோடு போகிறது. பிறந்த வீட்டுக்கு ஓடினால் புயலில் வீடு இடிந்து தாயும் தகப்பனும் தம்பியும் ஒரே சிதையில் எரிகிறார்கள். துணியில்லாமல் தெருவில் பைத்தியமாகத் திரிந்தவளை எல்லோரும் விரட்டும்போது புத்தர், "தங்கையே, நினைவு திரும்பி வா" என்கிறார். யாரோ ஒருவர் மேல்துண்டை வீசுகிறார், அவள் உடுத்திக்கொள்கிறாள். போதனையெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலில் துணி.

நம் மணிமேகலையிலும் ஒரு கோதமை இருக்கிறாள், சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில். மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து செத்துப்போகிறான். அவள் உடலைச் சுமந்துபோய் சம்பாபதித் தெய்வத்திடம் கேட்கிறாள்: என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைத் திருப்பிக் கொடு, கண்ணில்லாத என் கணவனை இவன் பார்த்துக்கொள்வான். பாலி மொழியில் உள்ள கிசா கோதமி கதையில் தாய் வீடுவீடாகப் போகிறாள். தமிழில் தெய்வம் எல்லாத் தேவர்களையும் அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது, அவர்களாலும் ஆகாது என்று காட்டுவதற்காக. "என் உயிரை எடுத்துக்கோ" என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் தமிழில் ஒருத்தி அதையே கேட்டிருக்கிறாள் என்று படித்த அன்று, அந்தப் பக்கத்தை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 15

வயநாடு பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஜூலை 30 விடியற்காலை நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் போனது. எங்களுக்கு அது பெட்டிமுடியையும் திரும்பக் கொண்டுவந்தது. 2020 ஆகஸ்ட் 6, மூணாறு ராஜமலை, எழுபது பேர், பெரும்பாலும் தமிழ் எஸ்டேட் ஜனங்கள். எங்களைப் போன்ற லைன் வீடுகள்.

புத்துமலையில் அடையாளம் தெரியாத உடல்களைச் சர்வமதப் பிரார்த்தனையோடு புதைத்ததை டிவியில் காட்டினார்கள். கல்லில் பேர் இல்லை, நம்பர். தேரிகாதையில் வருகிற உப்பிரி என்ற தாய் ஞாபகம் வந்தாள். மகள் பெயரைச் சொல்லி, "ஜீவா, ஜீவா" என்று சுடுகாட்டில் அழுகிறாள். இந்தச் சுடுகாட்டில் ஜீவா என்ற பேரில் எண்பத்து நாலாயிரம் மகள்கள் எரிந்திருக்கிறார்கள், நீ யாருக்காக அழுகிறாய் என்று கேட்கிறார் புத்தர். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் பிடிக்கவில்லை. புத்துமலையின் கற்களைப் பார்த்த அன்று, நம்பர் போட்ட எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அழுதேன். என் மகனுக்கும் அதில் இடம் இருந்தது. அவள் அழுகையை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார், அகலமாக்கச் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். பண்டிதர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், சரி.

ஆகஸ்ட் 20

"இலங்கையில் நம் ஜனத்தை விரட்டினவர்களின் மதத்தை எப்படி ஏற்றீர்கள்?" என்று கேட்ட தம்பிக்கு.

கேட்க வேண்டிய கேள்வி. என் அம்மா ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. அவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. அம்மா தலைமன்னாரிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இங்கே ரப்பர் நட வந்தாள். சித்தி அங்கேயே தங்கிவிட்டாள், 1983 கலவரத்தில் சித்தப்பாவின் கடையை எரித்தார்கள். காவி உடுத்தவர்களே வெறுப்பைப் பேசியதும் உண்மை. அதற்கு நான் சமாதானம் தேடவில்லை.

ஆனால் அதே அம்மா புத்தரின் பிறந்தநாளான வெசாக்குக்கு விளக்குக் கூடு கட்டிய கதையைச் சொல்வாள், தன்சல் என்ற இலவசச் சாப்பாட்டுப் பந்தலில் வரிசையில் நின்று சாப்பிட்டதைச் சொல்வாள். காய்ச்சல் வந்தபோது பன்சலையில், அதாவது பௌத்தக் கோயிலில், பிக்குகள் ஓதிய பிரித் நூல் கட்டியதைச் சொல்லும்போது மணிக்கட்டைத் தடவிக்கொள்வாள். அப்புறம், அந்தத் தர்மம் அவர்களுடைய சொத்தில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். அது எங்களுடையதும்தான் என்று அவர் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆகஸ்ட் 21

சாஸ்தா என்பதும் புத்தர்தான், சரணம் சொல்வதும் அங்கிருந்து வந்ததுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாஸ்தா என்பது புத்தருக்கும் உள்ள பேர், அமரகோசம் என்ற பழைய சமஸ்கிருத அகராதியிலேயே இருக்கிறது. அதற்கு மேல் நான் சண்டைக்கு வரவில்லை. எங்கள் குளத்துப்புழையில் சாஸ்தா குழந்தை வடிவம். கோயில் கடவில் ஆற்றுமீனுக்கு ஜனங்கள் பொரியும் கடலையும் போடுவார்கள், அந்த மீன்களைத் திருமக்கள் என்போம், யாரும் பிடிக்க மாட்டோம். மகன் பிறந்தநாளுக்கு நான் போய் மீனூட்டு செய்துவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து மூச்சையும் கவனிக்கிறேன். இரண்டும் எனக்குள் இடித்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 2

அண்ணாச்சி தனியாகக் கேட்டது: போனவர்களுக்கு மெத்தா, அதாவது நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைக்கிற மைத்ரி தியானம், செய்யலாமா?

நானும் அதில்தான் ஆரம்பித்தேன். "நீ நன்றாக இரு" என்று மகன் முகத்தை நினைத்துச் சொல்வேன், இரண்டாவது நிமிஷமே அழுகை வந்து எல்லாம் கலைந்துவிடும். பிறகு விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த தியான நூலில் பார்த்தேன், அதன் ஆசிரியர் புத்தகோசர் அன்றே எழுதியிருக்கிறார்: இறந்தவரை நினைத்து மெத்தா பழகினால் மனம் ஒருமுகப்படாது. மெத்தா உயிரோடு இருப்பவர்களுக்கு. முதலில் நமக்கே, பிறகு நமக்கு வேண்டியவர், பிறகு வேண்டியவரும் வேண்டாதவருமல்லாத ஒருவர், பிறகு பகை.

பகை என்றதும் எனக்கு ஒரே முகம்தான். லாரி டிரைவர். கேஸ் நடந்தபோது புனலூர் கோர்ட் வராந்தாவில் ஒருமுறை பார்த்தேன். என் மகனைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் டீ தளும்பிச் சட்டையில் வழிந்தது. துடைக்கவில்லை. அன்று எனக்கு ஒரு இரக்கமும் வரவில்லை, நன்றாக வழியட்டும் என்று நின்றேன்.

மெத்தாவில் அவர் முறை வர ஒன்றரை வருடம் ஆனது. "இவர் பகையில்லாமல் இருக்கட்டும்" வரைக்கும் சொல்வேன், "சுகமாக இருக்கட்டும்" வாயில் வராது. இப்போது, "இன்று ராத்திரி இவருக்குத் தூக்கம் வரட்டும்" என்கிறேன். அதை மனசாரச் சொல்ல முடிகிறது. தூக்கமில்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 3

மன்னித்துவிட்டீர்களா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். தெரியவில்லை. தூக்கம் வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 13

ரப்பர் விலை பற்றி இங்கே பேச்சு போனதால் நான் எழுதவில்லை. நேற்று தங்கச்சியோடு அம்பலப்புழை போனேன், கருமாடிக்குட்டனைப் பார்க்க. கால்வாயின் கரையில் கருங்கல் புத்தர். உடம்பில் ஒரு பக்கமே இல்லை, ஒரு கையோடு போயிருக்கிறது. யார் உடைத்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 1965இல் தலாய் லாமா வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் போனபோது யாரும் இல்லை. ஒரு படகு போனது, அலை கரையில் வந்து தட்டியது. தங்கச்சி ரொம்ப நேரம் அந்த இல்லாத பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தன் புருஷனைக் கொரோனாவில் விட்டவள். "மீதி நேராத்தான் உட்கார்ந்திருக்கு" என்றாள்.

நவம்பர் 24

அண்ணாச்சி அடுத்த மாதம் வருஷத் திதி என்கிறார், பௌத்தர்கள் போனவர்களுக்காகத் தண்ணீர் வார்ப்பார்களாமே, அது எப்படி என்று கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் அம்மாவைப் பற்றி எழுதியபோது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இலங்கையில் சாவு வீட்டில் பிக்குகள் முன்னால் ஒரு தட்டு, அதில் ஒரு குவளை. குடும்பத்தார் எல்லோரும் செம்பைச் சேர்த்துப் பிடித்து, குவளை நிறைந்து தட்டில் வழிகிறவரை மெதுவாகத் தண்ணீர் வார்ப்பார்கள். "யதா வாரிவஹா பூரா பரிபூரெந்தி சாகரங்" என்று பிக்கு ஓதுவார். நிறைந்த ஆறுகள் கடலை நிறைப்பதுபோல, இங்கே கொடுப்பது போனவர்களைச் சேரும் என்று பொருள். செய்த நல்லதை அவர்களோடு பங்கிடுவது. அம்மா சின்ன வயதில் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறாள். மகனின் மூன்றாம் வருஷத்துக்கு, எங்களுக்கு எங்கே பிக்கு, அம்மாவும் நானும் நாத்தனாரும் மட்டும் செம்பைப் பிடித்தோம். அன்று காலை எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டிருந்தோம், அதைச் சொல்லி வார்த்தோம். நாத்தனாரின் விரல் என் விரல்மேல் இருந்தது. பிச்சிப்பூவைப் பிரித்த கை.

உங்கள் மகளையும் மருமகனையும் கூடப் பிடிக்கச் சொல்லுங்கள், அண்ணாச்சி. ஐயர் திதி கொடுத்து முடித்த பிறகுகூடச் செய்யலாம். வெள்ளிக் குவளை தேட வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும். சின்னதாகப் பாருங்கள், நிறைந்து வழிய வேண்டும். அடியில் தட்டு வைக்க மறந்துவிடாதீர்கள். வழிந்ததை அப்புறம் அவர் வளர்த்த செடிக்கு ஊற்றிவிடலாம், மாடியில் கறிவேப்பிலை வைத்திருந்தார் என்று எழுதியிருந்தீர்களே.